முந்நூற்றுப் பதினேழாலும் வகுத்துப் பார்த்தோம்

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் விநாயகம் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அருள்ஜோதி டீச்சரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆசிரியர் பெருமக்களே, முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற, டீச்சரின் கணவர் காஸ்பர் தம்பி, பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மகள் மரியசெல்வி, டீச்சரிடம் படித்து இன்று கடையைப் பூட்டிவிட்டும் லீவு போட்டுவிட்டும் வந்திருக்கிற பிள்ளைகளே, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக் கூட்டத்துப் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் ஆண்டாளின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையப் படித்தவர்கள். தாளில்லாமல் பேசினார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். நடுவில் அழுகை வந்தால் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று தெரிய வேண்டுமே, அதற்காக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நான் நின்றுவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணித ஆசிரியை அருள்ஜோதி அவர்கள் இந்த ஊருக்கு என்ன செய்தார் என்று ஐயா சொன்னார். எத்தனை பிள்ளைகள் தேறினார்கள், எத்தனை பேர் இஞ்சினியர் ஆனார்கள் என்று சொன்னார். எல்லாம் உண்மை. நான் அதைச் சொல்ல வரவில்லை. டீச்சர் எங்களுக்கு என்ன செய்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன். எங்களுக்கு என்றால், பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு.

என் பேத்தி பூங்குழலியை நான்தான் டீச்சர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மாடிக் கொட்டகையில் பாடம் நடக்கும். நாங்கள் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து சீரியல் கதை பேசுவோம். ஒரு நாள் டீச்சர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆண்டாளம்மா, அந்த மாமியார் செத்தாளா இல்லியா?"

"இல்ல டீச்சர், இன்னும் இழுத்துக்கினு இருக்குது."

"அது இழுக்கட்டும். நீங்க மேல வாங்க."

எங்கள் முன்னால் புளியங்கொட்டையைக் கொட்டினார். பன்னிரண்டை எண்ணி எடுத்து வரிசை கட்டச் சொன்னார். மூன்று மூன்றாகக் கட்டினோம், நாலு நாலாகக் கட்டினோம், சரியாக வந்தது. இன்னொரு கொட்டையைப் போட்டார். பதிமூன்று. எப்படிக் கட்டினாலும் ஒன்றாவது வெளியே நின்றது. "இது யாருக்கும் பங்கு போகாது. இதுக்குப் பேரு பகா எண்" என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொல்லித்தான் இருப்பார்கள். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து, சமையல் முடிந்து, நாங்கள் அங்கே போவோம். ஒவ்வொரு வாரமும் ஒரு எண். டீச்சர் அதை எண்ணுக்கு ஜாதகம் பார்ப்பது என்பார். பாதர் தப்பாக நினைக்கக் கூடாது, அது டீச்சர் சொன்ன விளையாட்டு. முதலில் அது பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எந்தெந்தப் பகா எண்கள் பெருகி அது வந்தது என்று பார்க்க வேண்டும். கடைசியில், அதை மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்களை எல்லாம் கூட்ட வேண்டும். ஆறை எடுத்துக்கொண்டால் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஆறே வரும். அது நிறை எண். பன்னிரண்டுக்குக் கூட்டினால் பதினாறு, அது மிகை எண். பத்துக்குக் கூட்டினால் எட்டுதான், அது குறை எண்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர் யார்? என் மகன் கேட்டான். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். காஸ்பர் தம்பியும்தான் கேட்டார். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஃபேனைப் போட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டு, "கரண்ட் பில்லு எவ்ளோன்னு பாக்கத் தெரியல, எண்ணுக்கு ஜாதகம் பாக்குறாங்களாம்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். டீச்சர் சத்தமாகச் சொல்வார், "இன்னாங்க, டீயில சக்கர இல்ல. மொதல்ல அத கணக்குப் பாருங்க."

ஒரு கணக்கில் விடையைவிட வழி பெரியது என்று டீச்சர் சொல்வார். சொன்னதோடு விடவில்லை. மரியசெல்வி அவரிடமே படித்தபோது ஒரு பரீட்சையில் விடையை மட்டும் எழுதி வைத்தாள். விடை சரி. டீச்சர் மார்க்கு போடவில்லை. வீட்டில் பெண் மூன்று நாள் பேசவில்லையாம். "விடை சரியாத்தானே இருக்குது" என்று காஸ்பர் தம்பி பெண்ணுக்காகப் பேசினதற்கு, "விடை எங்கேர்ந்து வேணா வரும். வழி அவகிட்டேர்ந்து வரணும்" என்றாராம். இதைச் சொன்னது மரியசெல்விதான். சொல்லும்போது சிரித்தாள், பிறகு சிரிக்க முடியவில்லை.

டீச்சர் தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வரும்போது நம்பர் பிளேட்டில் 8633 என்று இருந்தது. டீச்சர் வாய்க்குள்ளேயே வகுத்துக்கொண்டு வந்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "இது பகா எண்" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். அடுத்த ஞாயிறு நாங்கள் உட்காருவதற்கு முன்பே எழுந்து நின்று சொன்னார்: "போன வாரம் நான் சொன்னது தப்பு. எண்பத்து மூணோட நிறுத்திட்டேன். இன்னும் ஒரு எண் பாக்கி இருந்தது. எண்பத்தொன்பது. எண்பத்தொன்பதை தொண்ணூத்தேழால பெருக்குனா 8633 வருது. எல்லாரும் பெருக்கிப் பாருங்க."

எங்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா? அந்த பஸ்ஸை யார் தேடிப் போய்க் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் சொன்னார்.

அப்புறம் உடம்புக்கு வந்தது. எல்லோருக்கும் தெரியும், நான் விரிக்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். முடியெல்லாம் கொட்டிப் போனது. முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த எண்ணை எடுத்தார்.

"நம்ம ஊரு பின்கோடு எல்லாருக்கும் தெரியும். லெட்டர்ல எழுதுறோம், ரேஷன் கார்டுல இருக்குது. அதுக்கு யாராவது ஜாதகம் பாத்திருக்கீங்களா?"

604202. இரட்டைப்படை எண், அதனால் இரண்டால் போகும். பாதி 302101. மூன்று லட்சத்து இரண்டாயிரத்து நூற்று ஒன்று. இது மேலும் உடையுமா, உடையாதா? அதுதான் கேள்வி.

இதற்கு ஐந்நூற்று நாற்பத்தேழு வரைக்கும் இருக்கிற பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும் என்றார். அதற்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், பெரிய எண் ஒன்று வகுத்தால் அதற்கு ஜோடியாகச் சின்ன எண் ஒன்றும் வகுத்திருக்கும், அது முன்னாலேயே அகப்பட்டிருக்கும். அப்படிப் பார்த்தால் நூற்றுக்கும் மேலே வகுத்தல்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு பிரித்துக் கொடுத்தார். அவரும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்.

நெடுமாறன் தம்பி இங்கேதான் இருக்கிறார். டீச்சரின் பழைய மாணவர், பஜாரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் அன்றைக்கு ஃபோனை நீட்டினார். "டீச்சர், இதுல தட்டுனா ஒரு நிமிஷத்துல வந்துடும்."

"வந்துடும்பா. வந்த வேகத்துல போயிடும்" என்றார் டீச்சர். "உள்ள வை."

தேதி கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாங்கள் வகுத்தோம். அடுப்பில் உலை வைத்துவிட்டு வகுத்தோம். நூறு நாள் வேலையில் நிழலில் உட்கார்ந்து வகுத்தோம். எனக்கு வந்ததில் ஒன்று ஐம்பத்து மூன்று. மீதி ஒன்று வந்தது. டீச்சர் அந்தத் தாளைப் பார்த்து, "பாருங்க, ஒரே ஒண்ணுல தப்பிச்சிருக்கு" என்று ஏதோ ஒரு குழந்தை தடுக்கி விழாமல் நின்ற மாதிரி சந்தோஷப்பட்டார்.

அதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்துபோனது, டீச்சர் அது பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று. நான் கேட்டே விட்டேன். "எனக்கு அப்படித்தான் தோணுது ஆண்டாளம்மா. ஆனா தோணறது கணக்கு இல்ல" என்றார்.

ஒவ்வொருவர் பங்கும் முடிந்தது. எல்லாருக்கும் மீதி வந்தது. டீச்சர் பங்குதான் மெதுவாகப் போனது. நாலு வரி எழுதினால் சாய்ந்துகொள்வார். நாங்கள் செய்கிறோம் என்றால் விட மாட்டார். 307-ஆல் வகுத்தார், மீதி பதிமூன்று. 311, மீதி நூற்றிருபது. 313, மீதி ஐம்பத்தாறு. கடைசியாக மிஞ்சின 317-ஐ வரும் ஞாயிறு பார்க்கலாம் என்றார்.

அந்த ஞாயிறு நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம்.

பொறுங்கள். படிக்கிறேன்.

ஏழாம் நாள் வீட்டில், அதே மாடிக் கொட்டகையில், ஜெபம் நடந்தது. முடிந்த பிறகும் எங்கள் கூட்டத்துப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. போவதற்கு மனசு வரவில்லை, இருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அந்த 317-ஐத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் தட்டில் கை வைக்கிற மாதிரி இருந்தது. பேத்தி பூங்குழலி சென்னையிலிருந்து வந்திருந்தாள். எம்.எஸ்சி. கணக்கு படிக்கிறாள், இந்த டீச்சர் போட்ட விதை. அவளுக்கு விடை தெரியும் என்று அவள் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. "நான் சொல்ல மாட்டேன் ஆயா" என்று காதோடு சொன்னாள்.

அப்போது காஸ்பர் தம்பி உள்ளே வந்தார். அந்த மாடிக்கு டீ கொண்டுவர மட்டுமே வந்தவர்.

"அக்கா, அவ விட்ட நம்பர் இன்னா?"

"முந்நூத்திப் பதினேழு தம்பி."

"தாளு குடுங்க."

எங்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மூவாயிரத்து இருபத்தொண்ணுல எத்தினி தடவ போவும்? பத்து போவாதில்ல?"

"ஒம்போது போட்டுப் பாரு தம்பி."

ஒன்பது போட்டார். கழித்தார். நூற்று அறுபத்தெட்டு. பக்கத்தில் பூஜ்யத்தை இறக்கினார், ஆயிரத்து அறுநூற்று எண்பது. ஐந்து தடவை போனது, தொண்ணூற்றைந்து நின்றது. கடைசி ஒன்றை இறக்கினார். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. பக்கத்தில் 317-ஐ மூன்றால் பெருக்கிப் பார்த்தார். பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை.

"அக்கா, இங்கியும் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு வருது. மீதி எழுத ஒண்ணுமில்லயே. நான் தப்பு பண்ணிட்டனா?"

நான் பெருக்கிப் பார்த்தேன். மரியசெல்வி பெருக்கிப் பார்த்தாள். 317-ஐ 953-ஆல் பெருக்கினால் 302101. தப்பில்லை. அது பகா எண் இல்லை.

காஸ்பர் தம்பி அந்தத் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவ ஆசப்பட்டாளே" என்றார். "நான் ஏன் இத தொட்டேன்?"

பெரியோர்களே, இந்த மண்டபத்து வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். டீச்சர் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் "302101 பகா எண் எனக் கண்டவர்" என்று போட்டிருக்கிறது. அழகான பேனர். கண்ணீரோடு செய்த பேனர். நெடுமாறன் தம்பி ஒரு பைசா வாங்காமல் செய்தார். அது தப்பு.

அவரைக் குறை சொல்லவில்லை. டீச்சர் வாயால் கேட்ட ஆசையைத்தான் அவர் எழுதினார். அவர் பேனர் அடித்தபோது மற்ற எல்லா எண்ணுக்கும் மீதி வந்துவிட்டிருந்தது, ஒன்றே ஒன்றுக்குத்தான் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார், "அத்தினி எண்ணு போவலன்னா மிச்சம் ஒண்ணு மட்டும் போயிடுமா ஆயா?" யாருக்குமே அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. விஷயம் தெரிந்ததும் அவர் முகம் செத்துப்போனது. நேற்று வரைக்கும் எங்களுக்குள் இதே பேச்சுதான். இருக்கட்டுமே, ஒரு நாள் பேனர், யார் பெருக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள் சிலர். செத்தவங்க ஆசையைச் சபையில் உடைக்கலாமா என்றார்கள் சிலர். காஸ்பர் தம்பியும் சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார். தாலி கட்டினவர் சொன்ன பிறகு எனக்கு என்ன பேச்சு? நானும் இந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டேன்.

இன்று காலையில் மண்டபத்துக்கு வந்தேன். காஸ்பர் தம்பி பேனருக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலண்டர் தாள் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, சொல்லிடுங்க" என்றார்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா தம்பி?"

"இருக்கும். இத்தினி பசங்க வருவாங்க, படிச்சுட்டு நம்பிக்கினு போவாங்க. அவ பேரப் போட்டு ஒரு தப்பு கணக்கு ஊருக்குள்ள போனா, அவ என்னை வீட்டுல சேப்பாளா?"

வாசல் படியிலேயே உட்கார்ந்து இதை எழுதினேன்.

ஆகவே சபையறியச் சொல்கிறேன். அருள்ஜோதி டீச்சர் ஆசைப்பட்ட மாதிரி அந்த எண் பகா எண் இல்லை. 317-ஆல் போகிறது. அதைக் கண்டவர் அவர் கணவர் காஸ்பர். எட்டாவதில் கணக்கில் தோற்று நின்றவர், அவரே சொல்லச் சொன்னார். வகுத்தவர் அவர், வகுக்கிற வழி டீச்சருடையது.

அன்றைக்கு எங்கள் வேலை அதோடு முடியவில்லை. ஜாதகத்தை முழுசாகப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது டீச்சர் சட்டம். நம் ஊர் எண் 604202 என்பது இரண்டு, முந்நூற்றுப் பதினேழு, தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. மூன்று வேறு வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. அப்படி வருகிற எண்களுக்குக் கணக்கில் தனி வகுப்பே இருக்கிறது என்று பூங்குழலி சொன்னாள். "செஞ்சிக் கோட்டைக்கு மூணு மலை, எண்ணுக்கும் மூணு" என்றாள் எங்களில் ஒருத்தி. "இன்னாத்த எடுத்தாலும் கோட்டையில கொண்டு போயி கட்டு" என்றாள் இன்னொருத்தி. அந்த வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தோம். சிரித்ததும் எல்லோரும் டீச்சர் உட்காருகிற இடத்தைப் பார்த்தோம்.

பிறகு கூட்டினோம். அந்த எண்ணை வகுக்கிறவை எட்டு. அந்த எண்ணையே விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் மூன்று லட்சத்துச் சொச்சம், எண்ணைவிடச் சின்னது. அதனால் நம் ஊர் எண் குறை எண். அத்தோடு மூடப் போனோம். பூங்குழலி, "ஆயா, அந்த எண்ணையும் சேத்துக் கூட்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். 910116 வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். மரியசெல்விதான் கண்டுபிடித்தாள். சின்ன எண்கள் நாலு: ஒன்று, இரண்டு, 317, 634. கூட்டினால் 954. மற்ற நாலும் இதே நாலைத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றால் பெருக்கினது. ஆக 954 ஒரு தடவை, இன்னும் 953 தடவை. மொத்தம் 954 தடவை 954. புளியங்கொட்டை அத்தனை இருந்தால், நீளத்துக்கு 954, அகலத்துக்கு 954 என்று ஒரு கொட்டையும் வெளியே நிற்காமல் சதுரமாகக் கட்டிவிடலாம்.

அது மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் இந்தச் சதுரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. டீச்சர் இதைப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. எத்தனை பேர் வந்து என்ன பேசினாலும் அதுதான் ஆறவில்லை. ஒரு ஞாயிறு, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு இருந்திருந்தால் அவர் கையாலேயே வகுத்திருப்பார். ஆசைப்பட்டது போச்சே என்று ஒரு நிமிஷம் உதட்டைக் கடித்திருப்பார். அப்புறம் இதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மேல வாங்க" என்று இவரைக் கூப்பிட்டிருப்பார்.

எங்கள் கூட்டம் நிற்காது. இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிறு தோறும் அதே மாடியில், அதே காலண்டர் தாளில், ஃபோனை உள்ளே வைத்துவிட்டு உட்காருவோம். அடுத்து, பக்கத்து ஊரான அனந்தபுரத்துப் பின்கோடு. பங்கு பிரித்தாகிவிட்டது. காஸ்பர் தம்பிக்கும் ஒரு பங்கு உண்டு, டீ இனிமேல் முறை வைத்துப் போடுவோம். இங்கே இருக்கிற எந்தப் பெண்ணும் வரலாம். அஞ்சாவது வரைக்கும் படித்திருந்தால் போதும், வகுத்தல் அதற்குள் வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் புளியங்கொட்டை இருக்கிறது.

இப்போது மௌன அஞ்சலி. அது முடிந்து நீங்கள் வெளியே போகும்போது, வாசலில் நெடுமாறன் தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், காஸ்பர் தம்பி மேலே ஏறி நிற்பார். போஸ்ட் கம்பத்தில் ஏறிப் பழகினவர், பயப்பட வேண்டாம். பேனரில் இருக்கிற "பகா எண்" என்பதைப் பெயின்ட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் 317 × 953 என்று தன் கையால் எழுதுவார்.

அதைப் பார்த்துவிட்டு சரி என்று தலையாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். வீட்டுக்குப் போய், ஒரு தாளை எடுத்து, பெருக்கிப் பாருங்கள்.